100 சதவீத அடைப்பு என்று சொன்ன பிறகு

இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ அறையில் மல்லாந்து படுத்திருந்தேன். வலது மணிக்கட்டில் ஏற்றிய குழாயை இன்னும் எடுக்கவில்லை. கதவு சாத்தாமல் இருந்ததால் வெளியே என் மகனிடம் ஒருவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "வலது பக்க ரத்தக்குழாய் நூறு சதவீதம் அடைப்பு சார். அம்மா டேபிள்லதான் இருக்காங்க. இப்பவே ஸ்டென்ட் வச்சிரலாம். லேட் பண்ணா கேரண்டி இல்ல. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

"அம்மாவக் கேக்காம நான் போட மாட்டேன் சார்" என்றான். குரல் நடுங்கியது. ஆனாலும் போடவில்லை. (ஸ்டென்ட் என்பது அடைப்பைத் திறந்து, குழாய் மறுபடி மூடாமல் தாங்க உள்ளே வைக்கும் சிறு வலைக் குழாய்.)

அந்தக் கையெழுத்தை அவன் போடாததால்தான் யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது. கடலூரில் அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது. ஆஞ்சியோ முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் தெரிந்தவர்கள் மூன்று பேர், "டீச்சர், எங்க வீட்டுலயும் இதேதான் சொல்லிட்டாங்க, என்ன செய்யறது?" என்று போன் செய்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தவர் சொல்வதற்குத்தான் முதலிடம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

உங்களுடையது எந்த 100?

100 சதவீதம் என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. இது புரியாமல்தான் வீடே கலங்கிப் போகிறது.

முதலாவது திடீர் அடைப்பு. குழாயின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழி மூடிக்கொள்ளும். மாரடைப்பு என்பது இதுதான். இங்கே ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும். யோசனைக்கோ இரண்டாவது கருத்துக்கோ இடமே இல்லை. கையெழுத்துக் கேட்டால் உடனே போட வேண்டும்.

இரண்டாவது, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி மூடிய பழைய அடைப்பு. மூடி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதை டாக்டர்கள் சி.டி.ஓ. என்கிறார்கள். ஆஞ்சியோவில் இதய அடைப்பு இருப்பதாகத் தெரிபவர்களில் ஏறக்குறைய ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இப்படி ஒன்று இருக்கும். மூடுவதற்கு அவகாசம் எடுத்துக்கொண்டதால் உடம்பும் அதற்குள் மாற்று வழி தேடிக்கொண்டிருக்கும். பக்கத்துக் குழாயிலிருந்து மயிர் போன்ற சிறு கிளைகள் விரிந்து, அடைப்புக்கு அப்பால் உள்ள பகுதிக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும்.

என் ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி. வட்டைத் திரையில் ஓட்டிக் காட்டியபோது அதைக் கண்ணால் பார்த்தேன். வலது குழாயில் மை போன்ற சாய மருந்தைச் செலுத்தினார்கள். கொஞ்ச தூரம் கறுப்பாக ஓடி, முனை மழுங்கிய பென்சில் மாதிரி நின்றுவிட்டது. அடுத்து இடது குழாயில் செலுத்தினார்கள். இடது பக்கம் முழுக்க நிறைந்த பிறகு, நடுச்சுவர் வழியாக நாலைந்து நூலிழைகள் மெல்லக் கறுத்தன. அந்த இழைகள் வழியாக, அடைபட்ட வலது குழாயின் கீழ்ப்பகுதி பின்பக்கமிருந்து தலைகீழாக நிறைந்துகொண்டு வந்தது. அரியாங்குப்பத்தில் வழி மூடினால் பாண்டி பஸ் பாகூர், வில்லியனூர் சுற்றிப் போவதுபோல. போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் திருவிழாக் கூட்டம் வந்தால் அந்தச் சுற்றுப்பாதை தாங்காது. உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒன்றுமே இல்லாமல், மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: "டாக்டர், இது புதுசா, பழசா?" பழசு என்றால் நாளை காலையே ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி பெரும்பாலும் இருக்காது.

முதல் வாரத்தில் செய்தது

ஆஞ்சியோ சி.டி.யை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கினேன். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. இரண்டாவது டாக்டருக்கு ஓடும் படம் வேண்டும். எக்கோ ரிப்போர்ட், ஈ.சி.ஜி., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மூன்று மாத சராசரி சர்க்கரை, கொழுப்பு அளவு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பைலில் போட்டேன். பிறகு விடியற்காலை பஸ் பிடித்து, பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி கோரிமேடு பஸ் மாறி, ஜிப்மர் அரசு மருத்துவமனைக்கு இரண்டாவது கருத்துக்குப் போனோம். கூட்டம் அதிகம். ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போங்கள், சாப்பாடும் மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

இன்னும் ஆஞ்சியோவே செய்யாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே போகுமுன் வீட்டாரிடமும் டாக்டரிடமும் பேசி வைத்துவிடுங்கள்: "மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் எது தேவையோ செய்யுங்கள். இல்லையென்றால் படம் மட்டும் எடுங்கள், வெளியே வந்து முடிவு சொல்கிறேன்." மேசையில் படுத்திருப்பவரால் பேரம் பேச முடியாது. கதவருகே நிற்கும் பிள்ளைக்கோ பயத்தில் எதுவும் ஓடாது.

எல்லாம் மூன்று கேள்வியில் அடங்குகிறது

அடைப்பு எத்தனை சதவீதம் என்பதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை என்று நான் புரிந்துகொள்ளவே இரண்டு சந்திப்பு ஆனது. வாழ்நாளெல்லாம் மதிப்பெண் போட்டவளுக்கு எண்தான் பெரிதாகத் தெரிந்தது.

முதல் கேள்வி, தொந்தரவு எவ்வளவு. எனக்கு வந்தது சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலி இல்லை. 9-பி வகுப்பு மாடியில் இருந்தது, 22 படி. பதினைந்தாவது படி வாக்கில் தாடையும் இடது தோளும் இறுகும், மூச்சு வாங்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். கேஸ் என்று நினைத்து ஒன்றரை வருடம் ஓமத்தண்ணீரும் ஜெலுசிலும் குடித்தேன். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இப்படி மாறுவேடத்தில் வருவது சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது. நடந்தால் வந்து நின்றால் போவது எதுவானாலும், அது கேஸ் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

இரண்டாவது, அந்தக் குழாய் ஊட்டுகிற தசை உயிரோடு இருக்கிறதா. எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் திறனை ஒரு எண்ணாகச் சொல்வார்கள். எனக்கு 55, அது நல்ல நிலை. தசை சரியாக அசையவில்லை என்றால், அது செத்துத் தழும்பாகிவிட்டதா, பட்டினியால் சோர்ந்து கிடக்கிறதா என்று எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், தாலியம் ஸ்கேன் போன்றவற்றில் பார்ப்பார்கள். முழுக்கத் தழும்பான இடத்துக்கு வழி திறந்துவிட்டுப் பெரிய பயன் இல்லை.

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. மற்ற குழாய்கள் எப்படி இருக்கின்றன? என் வலது பக்கம் இடது குழாயை நம்பித்தான் வாழ்கிறது. கொடுக்கிற குழாயே குறுகினால் இரண்டு பகுதிக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து. எனக்கு இடது முன்குழாயில் 40 சதவீதம் இருந்தது. அதை இனி ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை என்றார் டாக்டர்.

மாத்திரை வழி

"வெறும் மாத்திரையா?" என்று என் நாத்தனார் முகம் சுளித்தார். அந்த 'வெறும்' தான் தப்பு. ஒழுங்காகச் செய்தால் இதுவும் முழுச் சிகிச்சைதான்.

இதில் இரண்டு வகை மாத்திரை உண்டு. ஆயுளைக் காப்பவை ஒரு வகை: ஆஸ்பிரின் 75, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையான அடார்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின், பி.பி.க்கும் சர்க்கரைக்குமானவை. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 55-க்குக் கீழே வர வேண்டும் என்றார்கள். லேப் தாளில் 100 வரை 'நார்மல்' என்று அச்சடித்திருக்கும், அது நமக்கான அளவு இல்லை. நான் 118-ல் தொடங்கி, எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்த்த பிறகு 52-க்கு வந்தேன். வலியைக் குறைப்பவை இன்னொரு வகை: மெட்டோப்ரோலால், அம்லோடிபின், நைட்ரேட், நிக்கோராண்டில், ரனோலசின் போன்றவை. இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அளவு கூட்டி, சில வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். நைட்ரேட் ஆரம்பித்த முதல் வாரம் மண்டை பிளந்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பத்தாம் நாள் தலைவலி தானாகவே அடங்கிவிட்டது. காலையிலும் மதியமும் போடச் சொன்னதை நான் காலை, இரவு என்று மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மருந்துக்கு ராத்திரி இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு பழகிப்போய் வேலை செய்யாது என்று பார்மசிஸ்ட் பெண்தான் திருத்தினாள்.

இந்த இடத்தில் என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 40 பக்க நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன்: தேதி, என்ன செய்துகொண்டிருந்தேன், எங்கே இறுகியது, எத்தனை நிமிடம், எதனால் அடங்கியது. முதல் மாதம் 13 தடவை. எழுதி வைத்த பிறகுதான் ஒழுங்கு தெரிந்தது. பதின்மூன்றில் ஆறு சாப்பிட்ட உடனே நடந்தது. மூன்று மார்கழி விடியலில் கோலம் போட்டபோது. இரண்டு தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில். அதே தூரத்தைத் தார்ச்சாலையில் நடந்தால் ஒன்றும் இல்லை. மீதி இரண்டு தண்ணீர் கேன் தூக்கியபோது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், கோலத்தை வெயில் வந்தபின் போட்டேன், கேனை மகனிடம் விட்டேன். மருந்தும் சேர்ந்ததும் நான்காம் மாதம் கணக்கு 2 ஆனது. டாக்டர் என் பைலைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

ஸ்டென்ட் வழி

பழைய முழு அடைப்பில் ஸ்டென்ட் வைப்பது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அரை மணியில் வைத்த ஸ்டென்ட் போன்றதல்ல. இறுகிப்போன அடைப்பில் வழியே இல்லாத இடத்தில் கம்பியை நுழைக்க வேண்டும். மணிக்கட்டிலும் தொடையிலுமாக இரண்டு இடத்தில் குழாய் ஏற்றுவார்கள். சில சமயம் அந்த நூலிழைக் கிளைகள் வழியாகச் சுற்றிப் போய்ப் பின்பக்கமிருந்து திறப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். கை தேர்ந்த மையங்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை வெற்றி கிடைக்கிறது, எப்போதாவது செய்பவர்களிடம் அது குறையும். குழாயில் ஓட்டை விழுந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது, சாய மருந்தால் சிறுநீரகம் பாதிப்பது, கதிர்வீச்சு அதிகமாவது எல்லாம் சாதாரண ஸ்டென்ட்டைவிட இங்கே கூடுதல்.

எவ்வளவு கடினம் என்பதை டாக்டர்கள் ஐந்து விஷயத்தை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்: முனை மழுங்கியிருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, வளைவு இருக்கிறதா, நீளம் 20 மில்லிமீட்டருக்கு மேலா, ஏற்கெனவே ஒருமுறை முயன்று தோற்றதா. கடைசியதை நன்றாகக் கவனியுங்கள். தோற்ற முயற்சியே அடுத்த முயற்சியைக் கடினமாக்குகிறது. அதனால் செய்வதானால் முதல் தடவையே இதை அடிக்கடி செய்பவரிடம் போக வேண்டும். "வருஷத்துக்கு எத்தனை சி.டி.ஓ. செய்யறீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதனால் ஆயுள் கூடுமா என்றுதான் நான் முதலில் கேட்டேன். 2018-ல் வெளியான யூரோ-சி.டி.ஓ. ஆய்வில் 396 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் அளவில் நெஞ்சுவலி முழுக்க விட்டிருந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 58. வலி தீர ஸ்டென்ட் உதவுகிறது, சந்தேகமில்லை. அந்த 58-ஐயும் சேர்த்துப் பாருங்கள், மாத்திரையிலேயே பாதிக்கு மேல். 2019-ல் வந்த டிசிஷன்-சி.டி.ஓ. ஆய்வில் இறப்பிலும் மாரடைப்பிலும் இரு வழிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதில் மாத்திரைக்கு ஒதுக்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஸ்டென்ட் பக்கம் மாறிவிட்டார்கள், எதிர்பார்த்த அளவு ஆள் சேராமல் முன்கூட்டியே நிறுத்தவும் செய்தார்கள். அதனால் அதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: பயத்துக்காக ஸ்டென்ட் வேண்டாம், வலிக்காக என்றால் யோசிக்கலாம்.

வலிக்காகச் செய்துகொண்டு நன்றாக இருப்பவரும் எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த தமிழ் டீச்சர், நான்கு வகை மாத்திரை சாப்பிட்டும் குளியலறை போய் வருவதற்குள் உட்கார்ந்துவிடுவார். சென்னையில் மூன்று மணி நேரம் முயன்று திறந்தார்கள். இப்போது பாடலீஸ்வரர் கோவில் பிரகாரத்தை நிற்காமல் மூன்று சுற்று வருகிறார். அவருக்கு அது சரியான முடிவு. வைத்த பிறகு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரல் போன்ற இன்னொன்றையும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று டாக்டர் சொல்லும்வரை ஒரு நாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்க வேண்டும் என்றாலும் இதய டாக்டரைக் கேட்டுத்தான்.

பைபாஸ்

நாத்தனார் வீட்டுக்காரருக்கு நெல்லிக்குப்பம். சர்க்கரை உண்டு, மூன்று குழாயிலும் அடைப்பு, பம்ப் திறன் 40. அவருக்கு, மார்பைத் திறந்து அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாயை ஒட்டவைக்கும் பைபாஸ்தான் என்று எல்லா டாக்டரும் ஒரே குரலில் சொன்னார்கள். சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு ஸ்டென்ட்டைவிடப் பைபாஸ் ஆயுளைக் கூட்டுகிறது என்று 1900 பேரை வைத்து 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியிருக்கிறது. இதயத்தின் இடது பக்கக் குழாய்கள் பிரியும் முன் உள்ள முதன்மைக் குழாயில் அடைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவார்கள். இருமும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். மூன்றாம் மாதம் டிவிஎஸ் வண்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியதையும் பார்த்தேன். ஒரே ஒரு குழாய் மட்டும் அடைத்த என் போன்றவர்களுக்கு மார்பைத் திறக்க அவசியம் வருவது குறைவு.

வேண்டாம் என்று சொன்னவை

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சினால் அடைப்பு கரையும் என்ற வாட்ஸப் செய்தி எனக்கு மட்டும் பதினோரு பேரிடமிருந்து வந்தது. அன்பாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் சுண்ணாம்பாக இறுகியது கஷாயத்தில் கரையாது. அதை நம்பி ஸ்டாட்டினை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. காலில் பட்டை கட்டிக் காற்றழுத்தம் கொடுக்கும் இ.இ.சி.பி.யை 'ஆபரேஷன் இல்லாத பைபாஸ்' என்று விளம்பரம் செய்கிறார்கள். வேறு எதற்கும் அடங்காத வலிக்குச் சிலருக்கு டாக்டர்கள் பரிந்துரைப்பதுண்டு. அடைப்பை அது எடுக்காது.

பணம்

ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வந்தது. மருந்து தடவியதற்கு அன்று 29,600 ரூபாய், பிறகு அது திருத்தப்பட்டு வருகிறது. ஆனால் பழைய அடைப்பைத் திறப்பதில் செலவு ஸ்டென்ட்டில் மட்டும் இல்லை. நுண்குழாய், விதவிதமான கம்பி, பலூன் என்று ஏறிக்கொண்டே போகும். 'திறக்க முடியாமல் போனால் எவ்வளவு?' என்பதையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். என் போன்ற ஓய்வூதியருக்குத் தனிக் காப்பீடு உண்டு. மாத்திரைச் செலவுக்கு மக்கள் மருந்தகமும், 2025-ல் திறந்த முதல்வர் மருந்தகமும் கை கொடுக்கும். சேர்மத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

நான் எடுத்த முடிவு

மாத்திரை வழி. ஆனால் திரும்பப் பார்க்க வேண்டிய நிலை எது என்று டாக்டரும் நானும் பேசி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டோம். மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் இறுகினாலோ, பம்ப் திறன் 50-க்குக் கீழே இறங்கினாலோ, இடது குழாய் மோசமானாலோ, ஸ்டென்ட் பேச்சை மறுபடி எடுப்போம். எழுதி வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

தினமும் மாலை சில்வர் பீச் போகும் சாலையில் 40 நிமிடம் நடக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. ஞாயிறு கருவாட்டுக் குழம்பை மாதத்துக்கு ஒன்றாக்கினேன். முதுநகர்க் கருவாடு இல்லாத ஞாயிறு எனக்குக் கஷ்டம்தான், ஆனால் அந்த உப்பு பி.பி.யில் அப்படியே தெரிகிறது. வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு.

பழைய அடைப்பு இருப்பவருக்கும் வேறு குழாயில் புதிய மாரடைப்பு வரலாம். அதனால் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், அதன் நகல் கைப்பையிலும் இருக்கிறது. பேரனுக்கும் புரியட்டும் என்று பெரிய எழுத்தில்:

"பாட்டிக்கு நெஞ்சு, தாடை, தோள் இறுகினால் உடனே உட்கார வை. நிற்க விடாதே. சார்பிட்ரேட் 5 ஒன்று நாக்கடியில். மணி பார். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால், அல்லது சும்மா இருக்கும்போதே வந்தால், வியர்த்துக் கொட்டினால், 108-க்குப் போன் செய். அப்பாவுக்குப் போன் அதற்குப் பிறகு. பச்சை பைலை எடுத்துக்கொள். ஆட்டோவில் ஏற்றாதே. வாசல் விளக்கைப் போடு."